மானின் நெஞ்சில் ஒரு வெற்று அறை: இப்னு துஃபைல் எழுதிய தீவுக் கதை

மான் படுத்த இடத்திலிருந்து எழவில்லை. அது எப்போதும் பதில் கொடுக்கும் அதே குரலில் பையன் கூப்பிட்டுப் பார்க்கிறான். அசைவே இல்லை. காதைப் பார்க்கிறான், கண்ணைப் பார்க்கிறான், உடம்பு முழுக்கத் தடவிப் பார்க்கிறான். வெளியில் ஒரு காயமும் இல்லை.

பையன் யோசிக்கிறான். நான் கண்ணை மூடிக்கொண்டால் எதுவும் தெரிவதில்லை, திறந்தால் தெரிகிறது. காதில் விரலை வைத்து அடைத்தால் எதுவும் கேட்பதில்லை, எடுத்தால் கேட்கிறது. அப்படியானால் அம்மாவுக்கும் எங்கோ ஓர் அடைப்பு வந்திருக்க வேண்டும். வெளியில் இல்லையென்றால் உள்ளே. அந்த அடைப்பை எடுத்துவிட்டால் எழுந்துவிடுவாள். கூர்மையான கல்லையும், கத்தி போலப் பிளந்த நாணல் சீவலையும் எடுத்துக்கொண்டு அவன் அந்த மானின் நெஞ்சைத் திறக்கிறான். வெறும் ஆர்வத்தில் செய்கிற காரியமாக இதைப் பார்க்க முடியாது. ஒரு பிள்ளை தன் தாயைக் காப்பாற்றப் பார்க்கிறான்.

முதலில் நுரையீரல் கிடைக்கிறது. இதுதான் என்று நினைக்கிறான். ஆனால் அது ஒரு பக்கமாக இருக்கிறது. தான் தேடுவது நடுவில் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. மறுபடி தேடுகிறான். உறுதியான ஓர் உறைக்குள் இதயம் கிடைக்கிறது. அதையும் பிளக்கிறான். உள்ளே இரண்டு அறைகள். வலது அறையில் உறைந்த ரத்தம். அது எந்தக் காயத்திலும் வருகிற அதே ரத்தம்தான், அவன் எத்தனையோ தடவை பார்த்தது. இடது அறை காலியாக இருக்கிறது.

இவ்வளவு கவனமாகப் பாதுகாத்து வைத்த ஓர் அறை வெறுமனே காலியாக இருக்க வழியில்லை. இங்கே ஏதோ குடியிருந்தது, இப்போது கிளம்பிப் போய்விட்டது. தன்னைப் பாலூட்டி வளர்த்தது, தான் இத்தனை நாள் நேசித்தது, அந்தப் போய்விட்ட ஒன்றைத்தான். இங்கே கிடக்கும் உடம்பு அது கையில் வைத்திருந்த கருவி மட்டுமே என்று அவனுக்குப் புரிகிறது.

இந்தப் பகுதியை முதன்முதலாகப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆன்மா என்றால் என்ன என்ற கேள்வியைத் தத்துவ நூல்கள் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கின்றன. துக்கத்தில் இருக்கும் ஒரு பிள்ளையின் கையில் கல்லைக் கொடுத்து அந்தக் கேள்வியைக் கேட்க வைத்த எழுத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதை எழுதியவர் அபூ பக்ர் இப்னு துஃபைல். நூலின் பெயர் ‘ஹய் இப்னு யக்ழான்’. 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரபு மொழியில் எழுதப்பட்டது. இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘ராபின்சன் குரூசோவுக்கு முன்பே வந்த தீவுக் கதை’ என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். கூடவே, ‘பகுத்தறிவு ஒன்றே போதும் என்று அன்றே சொன்ன நூல்’ என்பார்கள். இரண்டும் முழுப் பொய் கிடையாது. ஆனால் இரண்டுமே கதையின் கடைசிப் பகுதியைப் படிக்காமல் சொல்லக்கூடியவை. அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் நூல் முழுவதும் எழுதப்பட்டது என்பது என் எண்ணம்.

இப்னு துஃபைல் பிறந்தது 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிரனாடாவுக்குப் பக்கத்தில் உள்ள வாதி ஆஷ் என்ற ஊரில். இன்று ஸ்பெயினில் குவாதிக்ஸ் என்று அழைக்கப்படும் ஊர் அது. தொழிலால் மருத்துவர். கிரனாடா ஆளுநரிடம் செயலராக இருந்தார். பிறகு, 1154 வாக்கில், சியூட்டா, தாஞ்சியர் பகுதிகளின் ஆளுநரிடம் அதே வேலை. கடைசியில், மொராக்கோவையும் தென் ஸ்பெயினையும் ஆண்ட அல்முவஹ்ஹித் அரசின் கலீஃபா அபூ யஃகூப் யூசுஃபின் அரண்மனை மருத்துவரானார். மருத்துவத்தைப் பற்றி 7,000 அடிகளுக்கு மேல் நீளும் பாட்டு ஒன்றும் எழுதியிருக்கிறார். மானின் இதயத்தை அறை அறையாக விவரிக்கும் அந்தக் கை, உடம்பைத் தொட்டுப் பழகிய கை. இதயத்தின் இடது பக்கம் உயிர்ப்பான ஆவி தங்கும் இடம் என்பது கேலன் என்ற கிரேக்க மருத்துவர் வழியாக அக்கால மருத்துவர்கள் எல்லோரும் படித்த பாடம். பையன் கண்டுபிடித்தது அவனுக்குப் புதிது. எழுதிய மருத்துவருக்கு அது பாடப்புத்தகத்தில் இருந்ததுதான்.

இப்போது அந்த அரண்மனையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது தெரியாமல் தீவு புரியாது.

அல்முவஹ்ஹித் அரசு ஒரு மதச் சீர்திருத்த இயக்கத்திலிருந்து எழுந்தது. மொராக்கோ மலைகளில் இப்னு தூமர்த் தொடங்கிய இயக்கம். இறைவனின் ஒருமையை எந்த உருவகமும் கலக்காமல் ஏற்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ‘ஒருமையை ஏற்பவர்’ என்று பொருள்படும் அல்முவஹ்ஹித் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். பொதுமக்களுக்கு அந்தக் கொள்கை கட்டாயப் பாடம். ஆனால் அதே அரசின் கலீஃபா, 1163 முதல் 1184 வரை ஆண்ட அபூ யஃகூப் யூசுஃப், தத்துவ நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். இப்னு துஃபைலைத் தன்னுடனேயே வைத்துக்கொண்டு, பல நாட்கள் இரவு பகலாக அரண்மனையை விட்டு வெளியே விடாமல் பேசிக்கொண்டிருப்பாராம்.

அந்த அரண்மனையில் நடந்த ஒரு சந்திப்பை வரலாற்றாசிரியர் அல்-மர்ராகுஷி எழுதி வைத்திருக்கிறார். 1169 வாக்கில், இப்னு துஃபைல் ஓர் இளைய அறிஞரைக் கலீஃபாவிடம் அழைத்துப் போகிறார். அந்த அறிஞர்தான் பிறகு அரிஸ்டாட்டிலின் பேருரையாளராக உலகம் அறிந்த இப்னு ருஷ்து. கலீஃபா அவருடைய பெயர், குடும்பம் எல்லாம் விசாரித்துவிட்டு முதல் கேள்வியாகக் கேட்டது: “வானத்தைப் பற்றித் தத்துவவாதிகள் என்ன சொல்கிறார்கள்? அது என்றென்றும் இருப்பதா, இடையில் படைக்கப்பட்டதா?”

இப்னு ருஷ்துக்கு வெலவெலத்துப் போய்விட்டது. புகழ்பெற்ற இறையியலாளர் இமாம் கஸ்ஸாலி ஏற்கெனவே தத்துவவாதிகளின் மூன்று கருத்துகளை இறைமறுப்பு என்று தீர்ப்பளித்திருந்தார். உலகம் அநாதியானது என்பது அதில் ஒன்று. கேட்பவரோ நாட்டை ஆள்பவர். இப்னு ருஷ்து, தான் தத்துவமே படித்ததில்லை என்று சொல்லிவிட்டார். கலீஃபா அவருடைய பயத்தைப் புரிந்துகொண்டார். இப்னு துஃபைல் பக்கம் திரும்பி, பிளேட்டோ சொன்னது, அரிஸ்டாட்டில் சொன்னது, அவற்றுக்கு இறையியலாளர்கள் கொடுத்த மறுப்பு என்று தானே பேசத் தொடங்கினார். அதைக் கேட்டபிறகுதான் இப்னு ருஷ்துக்கு வாய் திறந்தது. கிளம்பும்போது பணமும், விலையுயர்ந்த ஆடையும், ஒரு குதிரையும் கிடைத்தன.

இந்தக் காட்சியை இனிமையான முடிவுள்ள ஒன்றாகவே பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் கண்ணில் படுவது அந்த முதல் பொய். பின்னாளில் அரிஸ்டாட்டிலுக்கு வரிக்கு வரி உரை எழுதிய மனிதர், ஒரு கேள்விக்கு முன்னால் ‘நான் படித்ததில்லை’ என்று சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவர் இப்னு துஃபைல்.

அவருடைய கதையில் அதே கேள்வி வருகிறது. வானம் அநாதியா, படைக்கப்பட்டதா? தீவில் தனியாக இருக்கும் ஹய் அதைக் கேட்கிறான். வருடக்கணக்காக அதையே சுற்றிச் சுற்றி யோசிக்கிறான். படைக்கப்பட்டது என்றால், அதற்கு முன் காலம் இருந்ததா என்ற சிக்கல் வருகிறது. அநாதி என்றால், முடிவில்லாத ஒன்று எப்படி நடந்து முடிந்திருக்கும் என்ற சிக்கல் வருகிறது. இரண்டு பக்கமும் சரிசமமாக இழுக்கின்றன. கடைசியில் அவன் கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறான்: எப்படிப் பார்த்தாலும், உடலற்ற ஒரு காரணம் இதற்குப் பின்னால் இருந்தாக வேண்டும், அது போதும். அவனை மிரட்ட யாரும் இல்லை. இன்னும் தெரியவில்லை என்று சொன்னால் தண்டிக்கவும் யாரும் இல்லை. தீவு எதற்கு என்று கேட்டால் என் பதில் இதுதான். மனிதர்கள் யாரும் இல்லாத இடத்தில்தான் அந்தக் கேள்வியை அந்த அளவு நிதானமாகக் கேட்டுப் பார்க்க முடிந்திருக்கிறது.

சரி, அந்தத் தீவு எங்கே இருக்கிறது? பூமத்தியரேகைக்குக் கீழே, இந்தியத் தீவுகளில் ஒன்று என்கிறார் இப்னு துஃபைல். அவர் வாழ்ந்த மேற்குக் கோடியிலிருந்து பார்த்தால் உலகத்தின் மறுமுனை. பெண்களைக் கனியாகக் காய்க்கும் மரங்கள் உள்ள வாக்வாக் தீவுக் கதையையும் போகிற போக்கில் இதோடு சேர்த்துவிடுகிறார். பூமத்தியரேகைப் பகுதிதான் உலகிலேயே மிதமான தட்பவெப்பம் கொண்டது என்று நிறுவ அவர் வானியல் கணக்கெல்லாம் காட்டுகிறார்: ஆண்டுக்கு இரண்டு தடவைதான் சூரியன் அங்கே நேர் உச்சியில் நிற்கிறது, ஆகவே சூடு அதிகமாக வழியில்லையாம். நம் பக்கத்துக் கடல் அவருடைய கற்பனையில் இப்படி இருந்திருக்கிறது என்பது படிக்கும்போது மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆதம் பூமியில் வந்து இறங்கியது சரந்தீபில் உள்ள மலையில் என்ற மரபு அரபுப் பயணிகளிடம் இருந்ததால் இந்தத் தீவையும் இலங்கையாக நினைக்கத் தோன்றும். ஆனால் அவர் தீவுக்குப் பெயரே வைக்கவில்லை.

குழந்தை அங்கே எப்படி வந்தது என்பதற்கு இரண்டு விதமாகச் சொல்கிறார், எது உண்மை என்று முடிவு சொல்லாமல். ஒன்றில், தாயும் தந்தையும் இல்லை. தீவின் களிமண் சரியான சூட்டில் புளித்துக் குமிழிட்டு, அந்தக் குமிழியில் உயிர் வந்து சேர்ந்து, குழந்தை உருவாகிறது. இன்னொன்றில், பக்கத்துத் தீவின் கர்வம் பிடித்த அரசன் தன் சகோதரிக்கு ஏற்ற மணமகனே இல்லை என்று அவளைக் கல்யாணம் செய்து கொடுக்க மறுக்கிறான். அவள் யக்ழான் என்ற உறவினனை ரகசியமாக மணக்கிறாள். குழந்தை பிறந்ததும் பயந்துபோய், வயிறாரப் பாலூட்டி, பெட்டியில் வைத்துக் கடலில் விடுகிறாள். கர்ணனின் பேழை நமக்கு நினைவு வரும். குர்ஆனைப் படித்தவர்களுக்கு மூஸாவின் பேழை. அன்றைக்கு ஏறிய பெரிய அலை பெட்டியைக் கரையோரப் புதருக்குள் தள்ளிவிட்டு வடிந்துவிடுகிறது. உள்ளே குழந்தை அழுகிறது. குட்டியைக் கழுகிடம் பறிகொடுத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த பெண்மான் ஒன்று, அது தன் குட்டியின் குரல் என்று நினைத்து ஓடி வருகிறது.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. கொஞ்சம் வளர்ந்ததும் பையன் மற்ற விலங்குகளோடு தன்னை ஒப்பிட்டு வெட்கப்படுகிறான். அவற்றுக்கு ரோமமும் கொம்பும் இருக்கிறது; தனக்கு ஒன்றுமில்லை. இலைகளைக் கோத்துக் கட்டிப் பார்க்கிறான், அவை வாடி உதிர்கின்றன. பிறகு செத்துக் கிடந்த ஒரு கழுகின் தோலை இறகோடு உரித்து முதுகிலும் வயிற்றிலும் கட்டிக்கொள்கிறான். மானின் குட்டியைத் தூக்கிப் போனது ஒரு கழுகு. அந்த மான் வளர்த்த பிள்ளையின் முதல் உடை ஒரு கழுகு. இப்னு துஃபைல் இதைச் சுட்டிக்காட்டவில்லை. நாமாகக் கவனித்தால் உண்டு.

பெயருக்கும் ஒரு வார்த்தை. ஹய் என்றால் உயிருள்ளவன். யக்ழான் என்றால் விழித்திருப்பவன். ‘விழித்திருப்பவனின் மகன் உயிருள்ளவன்.’ குர்ஆனின் ஆயத்துல் குர்ஸீ வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் எவருக்கும் இந்தப் பெயரில் ஓர் எதிரொலி கேட்கும்: ‘அவன் உயிருள்ளவன், அவனைச் சிறுதுயிலும் உறக்கமும் தீண்டா’ என்பது அங்கே வரும் இறைவர்ணனை. பெயரை முதலில் பயன்படுத்தியவர் முந்தைய நூற்றாண்டின் தத்துவவாதி இப்னு சீனா; அவர் இதே தலைப்பில் ஒரு சிறிய உருவகக் கதை எழுதியிருந்தார். அதில் ஹய் ஒரு கிழவர். இப்னு துஃபைல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறு ஆளையே படைத்துவிட்டார்.

கதை ஏழேழு ஆண்டுகளாக நகர்கிறது. மான் செத்தபிறகு உடம்பு நாறத் தொடங்குகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது, சண்டையில் ஒரு காகம் இன்னொன்றைக் கொன்று, குழி தோண்டிப் புதைப்பதைப் பார்த்து அடக்கம் செய்யக் கற்றுக்கொள்கிறான். நாணல் காட்டில் உரசிப் பற்றிய தீயைக் கண்டு, கையை நீட்டிச் சுட்டுக்கொண்டு, பிறகு எரியாத நுனியைப் பிடித்து ஒரு கொள்ளியை எடுத்து வருகிறான். என்னென்ன எரிகிறது என்று ஒவ்வொன்றாக அதில் போட்டுப் பார்க்கிறான். கடல் மீன் ஒன்றைப் போட்டபோது வந்த வாசனையில் பசி எடுக்கிறது. சமையல் அப்படித்தான் தொடங்குகிறது. தீயின் சூடு, உயிருள்ள உடம்பின் சூடு, செத்த உடம்பின் குளிர்ச்சி என்று மனது முடிச்சுப் போடுகிறது. மானின் வெற்று அறையில் இருந்தது இந்தச் சூடுதானோ? அதைத் தெரிந்துகொள்ள உயிருள்ள ஒரு விலங்கைப் பிடித்துக் கட்டி, இதயத்தைத் திறந்து, இடது அறைக்குள் விரலை விடுகிறான். கை சுடும் அளவு வெப்பமான ஆவி. விலங்கு அந்த நொடியே செத்துப்போகிறது. இதைப் படிப்பது கஷ்டமாகத்தான் இருக்கும். பின்னால் அவன் மாறப்போவதைப் புரிந்துகொள்ள இந்தக் காட்சியை மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் 21 வயதுக்குள் முடிகிறது. அதன்பிறகு பொருள்கள், அவற்றின் வடிவங்கள், காரணங்கள், வானம், நட்சத்திரங்கள் என்று சிந்தனை ஏறிக்கொண்டே போகிறது. இந்தப் பகுதியில் அரிஸ்டாட்டிலியத் தத்துவத்தின் பாடத்திட்டம் முழுவதும் ஒரு தனி மனிதனின் கண்டுபிடிப்பாகச் சொல்லப்படுகிறது. தத்துவப் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் இழுவையாக இருக்கலாம். 35 வயதில், எல்லாவற்றுக்கும் காரணமான ஒன்று உண்டு என்ற தெளிவோடு அவன் நிற்கிறான். அதை அறிந்தபிறகு வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

அங்கேதான் கதை எனக்கு மறுபடி சூடு பிடிக்கிறது. அறிந்தாயிற்று, இனி எப்படி வாழ்வது? ஹய் தனக்கென்று ஒழுங்குகளை வகுத்துக்கொள்கிறான். எதைச் சாப்பிட்டாலும் படைத்தவனின் வேலையைக் கெடுப்பதாகத்தான் ஆகும். ஆனால் சாப்பிடாவிட்டால் தன் உடம்பு கெடும். ஆகவே குறைந்தபட்சக் கேடு. நன்றாகப் பழுத்த, விதை முற்றிய பழங்களை மட்டும் எடுக்கிறான். சதையைத் தின்றுவிட்டு, விதையைப் பாறையிலோ உவர் நிலத்திலோ எறியாமல் முளைக்கக்கூடிய இடத்தில் போடுகிறான். பழம் கிடைக்காத காலத்தில், ஏராளமாக இருக்கிற வகைகளிலிருந்து மட்டும் எடுப்பான். எந்த இனமும் அற்றுப்போகாமல் பார்த்துக்கொள்வான். ஒரு செடிக்கு வெயில் படாமல் ஏதாவது மறைத்தால் விலக்குவான். ஒரு செடியை இன்னொன்று சுற்றி நெரித்தால், இரண்டும் சாகாதபடி பிரித்துவிடுவான். தண்ணீர் இல்லாமல் வாடினால் ஊற்றுவான். விலங்கின் காலில் முள் குத்தியிருந்தால் எடுப்பான். உயிருள்ள இதயத்துக்குள் விரலை விட்ட அதே கை இது.

நட்சத்திரங்கள் எல்லா உயிர்களுக்கும் ஒளியும் சூடும் கொடுக்கின்றன, ஆகவே நானும் கொடுக்க வேண்டும் என்பது அவன் காட்டும் காரணம். அவை சுற்றுகின்றன என்பதற்காக அவனும் தீவைச் சுற்றி வருகிறான், நின்ற இடத்திலேயே தலை கிறுகிறுக்கும்வரை சுழல்கிறான். சூஃபிகளின் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கடைசியில் குகைக்குள் கண்ணை மூடி உட்கார்ந்து, தன்னையே மறக்கும் நிலைக்குப் போகிறான். அங்கே அவன் கண்டதைச் சொல்ல முடியாது என்று இப்னு துஃபைல் முதலிலேயே எச்சரிக்கிறார்; நிறத்தை நாக்கால் சுவைத்துப் பார்க்க ஆசைப்படுவதைப் போன்றது என்கிறார். அப்புறம் கண்ணாடிகளை வைத்துச் சொல்லிப் பார்க்கிறார். ஒரு கண்ணாடியில் சூரியன் தெரிகிறது, அதன் எதிரொளி அடுத்த கண்ணாடியில், அதிலிருந்து அடுத்ததில், இப்படியே ஒவ்வொரு வான் மண்டலமாக இறங்கி, கடைசியில் அலையும் தண்ணீரில் விழுந்த நடுங்கும் பிம்பம். நாம் வாழும் உலகம் அந்த அலையும் தண்ணீர்.

முன்னுரையில் அவர் தரும் இன்னொரு உவமைதான் நூலுக்குச் சாவி என்று நினைக்கிறேன். பிறவியிலேயே பார்வையில்லாத, ஆனால் கூர்மையான புத்தியுள்ள ஒருவன் ஓர் ஊரில் வளர்கிறான். தெருக்கள், வீடுகள், மனிதர்கள் எல்லாம் அவனுக்கு அத்துபடி. துணையில்லாமல் ஊர் முழுக்க நடப்பான். நிறங்களை மட்டும் பெயராலும் விளக்கத்தாலும் தெரிந்து வைத்திருக்கிறான். ஒருநாள் பார்வை வருகிறது. ஊரைச் சுற்றிப் பார்க்கிறான். தான் தெரிந்து வைத்திருந்ததற்கு மாறாக எதுவுமே இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் கூடியிருக்கின்றன: தெளிவு, அளவில்லாத மகிழ்ச்சி. பகுத்தறிவும் ஞான அனுபவமும் அவருக்கு எதிரிகளாக இருந்ததில்லை. பகுத்தறிந்தவன் ஊரைத் தெரிந்தவன். அனுபவித்தவன் அதைக் கண்ணால் பார்த்தவன். ஊர் ஒன்றேதான்.

அதே முன்னுரையில் தனக்கு முன்னால் எழுதியவர்களை அவர் ஒவ்வொருவராக எடைபோடுகிறார். மரணத்துக்குப் பின் ஆன்மா என்னவாகும் என்பதில் தத்துவவாதி அல்-ஃபாராபி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்கிறார். கஸ்ஸாலி ஓரிடத்தில் கட்டியதை இன்னோரிடத்தில் அவிழ்க்கிறார், கேட்பவரைப் பொறுத்துப் பேச்சு மாறுகிறது என்கிறார். ஆனாலும் கஸ்ஸாலி உச்சத்தை எட்டியவர் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. தன் நாட்டவரான இப்னு பாஜாவிடம் கூர்மை இருந்தது, உலக வேலைகள் இழுத்ததால் நூல்களை முடிக்காமலேயே போய்விட்டார் என்று வருத்தப்படுகிறார். அந்த இப்னு பாஜா எழுதிய ஒரு முக்கியமான நூல், கெட்டுப்போன ஊரில் வாழும் தனிமனிதன் தன்னை எப்படி நடத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது. இப்னு துஃபைல் அந்தத் தனிமனிதனை ஊரிலிருந்தே தூக்கித் தீவில் வைத்துவிட்டார்.

ஆனால் தனிமையோடு கதையை முடிக்கவில்லை. ஹய்க்கு 50 வயதாகும்போது தீவுக்கு ஒருவர் வருகிறார்.

பக்கத்துத் தீவில் ஒரு நபியின் வழியைப் பின்பற்றும் மக்கள் இருக்கிறார்கள். அங்கே அப்ஸால், சலாமான் என்று இரண்டு நண்பர்கள். இருவரும் நேர்மையானவர்கள். அப்ஸாலுக்கு வேத வார்த்தைகளின் உட்பொருளில் நாட்டம், தனிமையில் விருப்பம். சலாமானுக்கு வெளிப்பொருளே போதும். தனியாக இருந்தால் மனம் அலைபாயும் என்று பயந்து சமூகத்தோடு இருக்க விரும்புகிறான். சலாமானை வில்லனாக்காமல் விட்டதற்காக இப்னு துஃபைலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்ஸால் தன் சொத்தில் ஒரு பங்கைக் கொடுத்துப் படகு அமர்த்திக்கொண்டு, மீதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஆளில்லாத தீவு என்று நினைத்து இங்கே வந்து இறங்குகிறான்.

ஹய் அவனைப் பார்க்கிறான். முதன்முதலாக இன்னொரு மனிதன். கறுப்புக் கம்பளி அங்கியை அவனுடைய சொந்தத் தோல் என்றே நினைக்கிறான். அப்ஸால் பயந்து ஓட, ஹய் துரத்திப் பிடிக்கிறான். விலங்குகளிடம் கற்ற குரல்களில் தட்டிக் கொடுத்துத் தேற்றுகிறான். அப்ஸால் தெரிந்த மொழிகளில் எல்லாம் பேசிப் பார்க்கிறான், ஒன்றும் புரியவில்லை. தான் கொண்டுவந்த உணவை நீட்டுகிறான். தன் ஒழுங்குக்கு இது சரியா என்று தெரியாமல் ஹய் தயங்குகிறான், ஆனாலும் புதியவனின் மனம் நோகக்கூடாது என்று சாப்பிடுகிறான்.

பொருளைக் காட்டிக் காட்டிப் பெயர் சொல்லி அப்ஸால் அவனுக்கு மொழி கற்றுக்கொடுக்கிறான். பேச்சு வந்ததும் ஹய் தான் கண்டதைச் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருந்த அப்ஸாலுக்கு உடம்பு சிலிர்க்கிறது: தன் வேதத்தில் இறைவன், வானவர்கள், சொர்க்கம், நரகம் என்று வருவதெல்லாம் இவன் கண்டதன் உருவகங்கள். அப்ஸால் தன் மார்க்கத்தைச் சொல்கிறான். ஹய் அதை உண்மை என்று ஏற்றுக்கொள்கிறான், தொழுகையும் நோன்பும் கற்றுக்கொள்கிறான். ஆனால் இரண்டு விஷயங்கள் அவனுக்குப் புரியவில்லை. நபி ஏன் நேராகச் சொல்லாமல் உவமைகளில் சொன்னார்? சொத்துச் சேர்க்கவும் விரும்பியதைச் சாப்பிடவும் ஏன் அனுமதித்தார்? மனிதர்களையே பார்க்காதவன் கேட்கும் கேள்வி இது.

பதிலைத் தெரிந்துகொள்ள அவன் மனிதர்களிடம் போகிறான். தற்செயலாக வந்த கப்பலில் இருவரும் ஏறுகிறார்கள். அந்தத் தீவில் அப்போது தலைவன் சலாமான். ஊரிலேயே அறிவில் சிறந்தவர்கள் ஹய்யைச் சுற்றி உட்காருகிறார்கள். அவன் பேசத் தொடங்குகிறான். சொல்லின் வெளிப்பொருளைத் தாண்டி ஓர் அடி வைத்ததுமே அவர்கள் மனம் சுருங்குகிறது. வந்தவன் வெளியூர்க்காரன், அப்ஸாலின் நண்பன் என்பதற்காக முகத்தில் மரியாதை இருக்கிறது, உள்ளே எரிச்சல். ஹய் விடவில்லை. இரவு பகலாக, தனியாகவும் கூட்டமாகவும் சொல்லிப் பார்க்கிறான். அவர்கள் நல்லவர்கள், உண்மையை விரும்புகிறவர்கள் என்று இப்னு துஃபைல் தெளிவாகவே சொல்கிறார். ஆனாலும் அவர்கள் விலகி விலகிப் போகிறார்கள்.

கடைசியில் ஹய் புரிந்துகொள்கிறான், அல்லது புரிந்துகொண்டதாக நினைக்கிறான். சலாமானிடமும் அவன் ஆட்களிடமும் போய் மன்னிப்புக் கேட்கிறான். நீங்கள் பிடித்திருக்கும் வழியே சரி, முன்னோர் சொன்னதை விடாதீர்கள், புதுமையில் இறங்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அப்ஸாலோடு தன் தீவுக்குத் திரும்புகிறான். இருவரும் சாகும்வரை அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் இப்னு துஃபைலோடு எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரும்பாலான மனிதர்கள் பகுத்தறிவில்லாத விலங்குகளைப் போன்றவர்கள் என்று ஹய் முடிவுகட்டுவதாக எழுதுகிறார். முள்ளை எடுத்துவிட்டு விலங்குகளுக்குத் தொண்டு செய்தவன், மனிதர்களை விலங்கு என்று சொல்லிவிட்டு ஏன் கிளம்ப வேண்டும்? வாடிய செடிக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றியிருப்பான்! அவனுக்கு மான்கள் பொறுமை கற்றுக்கொடுத்தன. மனிதர்களோடு பழக யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஊரைக் குறை சொல்லும் அதே பக்கத்தில் தனிமை வளர்ப்பின் குறையும் தெரிகிறது என்று நான் வாசிக்கிறேன். ஆசிரியர் அப்படி நினைத்தாரா என்பது வேறு விஷயம்.

அவருடைய நிலைமையையும் பார்க்க வேண்டும். ஹய் திரும்பிப் போய்விட்டான். அவனைப் படைத்தவர் எங்கேயும் போகவில்லை. மக்களுக்கு வெளிப்பொருள், அரண்மனைக்குள் அரிஸ்டாட்டில் என்று பிரிந்து கிடந்த அரசில், சலாமானின் ஊரில், ஹய்யாக உள்ளேயும் அப்ஸாலாக வெளியேயும் வாழ்ந்தவர் அவர். இப்னு ருஷ்து இதே சிக்கலுக்குச் சட்ட அறிஞராகப் பதில் எழுதினார்: தத்துவம் படிப்பது மார்க்கப்படி கூடுமா என்று கேட்டு, தகுதியுள்ளவர்களுக்கு அது கடமையே என்று வாதாடினார். இப்னு துஃபைல் கதை எழுதினார். நூலின் கடைசியில் அவரே சொல்கிறார்: ரகசியங்களை முழுவதும் வெளியிடவில்லை, ஒரு மெல்லிய திரையைப் போட்டிருக்கிறேன், தகுதியுள்ளவர்களுக்கு அது எளிதில் கிழியும், மற்றவர்களுக்குத் தாண்ட முடியாதபடி தடிக்கும். நபி ஏன் உவமைகளில் பேசினார் என்று ஹய் கேட்ட கேள்விக்குப் பதில், அவன் இருக்கும் கதையேதான். மானும் காகமும் கழுகுத்தோலும் அந்தத் திரை.

இப்னு துஃபைல் 1185இல் மராகேஷ் நகரில் காலமானார். புதிய கலீஃபா அல்-மன்சூரே இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1195இல், அதே அல்-மன்சூர் இப்னு ருஷ்துவை லூசேனா என்ற சிற்றூருக்கு நாடு கடத்தினார்; தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. முதல் சந்திப்பில் இப்னு ருஷ்து பயந்தது வீண் பயமாக இருக்கவில்லை.

அடுத்த நூற்றாண்டில் இந்தக் கதைக்கு ஓர் அருமையான மறுப்பு வந்தது, அதுவும் கதையாகவே. எழுதியவர் இப்னு அல்-நஃபீஸ். இதயத்தின் வலது பக்க ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடது பக்கம் போகிறது என்று சொல்லிக் கேலனைத் திருத்திய மருத்துவர். ஹய் திறந்து பார்த்த இதயத்தையும் திருத்தினார், ஹய்யையும் திருத்தினார் என்று சொல்லலாம். அவருடைய நாயகன் காமிலும் ஆளில்லாத தீவில் தானாகப் பிறந்து தானாகச் சிந்திக்கிறவன்தான். ஆனால் கப்பலில் வந்தவர்கள் கொடுத்த ரொட்டியையும் சமைத்த உணவையும் சாப்பிட்டுப் பார்த்து, உடையின் சுகத்தைக் கண்டு, மனிதன் தனியாக நன்றாக வாழ முடியாது என்ற முடிவுக்கு வருகிறான். சேர்ந்து வாழச் சட்டம் வேண்டும், சட்டத்தைக் கொண்டுவர நபி வேண்டும் என்று அவன் சிந்தனை போகிறது.

ஐரோப்பாவுக்குக் கதை போனது வேறு பாதையில். 1349இல் நார்போனின் மோசே என்ற யூத அறிஞர் ஹீப்ரு மொழியில் உரை எழுதினார். 1671இல் ஆக்ஸ்ஃபோர்டில் அரபு மூலமும் லத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்ந்து அச்சானது. மொழிபெயர்த்தவர் இளைய எட்வர்ட் போகாக். அதே பெயர் கொண்ட அவருடைய தந்தை அலெப்போவில் பாதிரியாராக இருந்து அரபுச் சுவடிகளைச் சேர்த்தவர். லத்தீனில் வைத்த தலைப்புக்கு ‘தானே கற்ற தத்துவவாதி’ என்று பொருள். அந்தத் தலைப்புதான் இன்றுவரை நூலின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் பாதிக்குப் பொருத்தமான தலைப்பு. அப்ஸாலும் சலாமானும் அதில் காணாமல் போய்விடுகிறார்கள். 1672இல் டச்சு மொழியில் வந்தது. ஆங்கிலத்தில் 1674, 1686, 1708 என்று மூன்று வெவ்வேறு மொழிபெயர்ப்புகள். டேனியல் டீஃபோவின் குரூசோ வந்தது 1719இல். டீஃபோ இதைப் படித்தாரா என்று இன்னும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் பெரிய ஒற்றுமை இல்லை. குரூசோ கப்பலிலிருந்து துப்பாக்கியும் கருவிகளும் பைபிளும் இறக்கிக்கொண்டு தன் ஊரைத் தீவில் மறுபடி கட்டுகிறவன். ஹய்க்கு ஊர் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

1674இன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் செய்தவர் ஜார்ஜ் கீத், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பாதிரியார் இல்லாமல், சடங்கு இல்லாமல், ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இறைவனின் ஒளி நேராகவே பேசும் என்று நம்பி, அதற்காகச் சிறைக்கும் போனவர்கள் குவேக்கர்கள். வேதம் கையில் இல்லாமலேயே இறைவனைக் கண்ட ஒருவன் அவர்களுக்கு எவ்வளவு வேண்டியவனாக இருந்திருப்பான்! அவர்களுடைய முக்கிய இறையியலாளர் ராபர்ட் பார்க்லே, தங்கள் நம்பிக்கையை விளக்கி எழுதிய பெரிய நூலில் ஹய்யின் கதையைச் சான்றாகவே எடுத்துக் காட்டினார். பிற்காலப் பதிப்புகளில் அந்தப் பத்தியை அவர்களே நீக்கிவிட்டார்கள்.